வெள்ளச்சியின் தட்டில் பச்சைக் கறி

வெள்ளச்சி எங்கள் வீட்டுப் பூனை. அப்போது அவளுக்கு 5 வயது, எடை 4.1 கிலோ. 2024 பொங்கல் கழிந்த வாரத்தில், மணல் தொட்டியில் அவள் போய்க் குந்துவதும், முக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் போகாமல் எழுந்து வருவதுமாக மூன்று நாள் கடந்தது. நான்காம் நாள் காலையில் அவளைப் பிரப்பங்கூடையில் வைத்துக் கும்பகோணத்தில் உள்ள கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் வயிற்றை இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்து, "உள்ள கல்லு மாதிரி இருக்கு டீச்சர், என்ன சாப்பாடு போடுறீங்க?" என்று கேட்டார். கிண்ணம் நிறைய உலர் தீனி நாள் முழுவதும் இருக்கும் என்றும், இராத்திரியில் என் மாமியார் பால்சோறு வைப்பார் என்றும் சொன்னேன். எனிமா கொடுத்து அன்றைய துன்பத்தைத் தீர்த்த பிறகு அவர் தந்த விளக்கத்திலிருந்துதான் இந்த முயற்சி தொடங்கியது.

வீட்டுப் பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனைகள். தண்ணீரைத் தேடிப் போய்க் குடிப்பதைவிட, பிடித்துத் தின்னும் இரையின் உடலில் உள்ள நீரையே பெரும்பாலும் நம்பி வாழ்ந்தவை. எலியின் உடலிலும் பச்சை இறைச்சியிலும் ஏறத்தாழ 70 சதவீதம் நீர் இருக்கிறது. உலர் தீனியிலோ 10 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். தீனி வறண்டிருந்தால் அதற்கு ஈடாகப் பூனை தானாகத் தண்ணீர் குடித்துக்கொள்ளும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். வெள்ளச்சியின் தண்ணீர்க் கிண்ணத்தை ஒரு வாரம் அளந்து பார்த்தேன். அவள் குடித்தது அந்த ஈட்டில் பாதிக்குக்கூட வரவில்லை. ஈரமான உணவுக்கு மாற்றுங்கள் என்றார் மருத்துவர். எங்கள் ஊர்க் கடைகளில் ஈர உணவுப் பொட்டலம் ஒரு மாதம் கிடைக்கும், மறுமாதம் கிடைக்காது. பச்சைக் கறி கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் முகம் சுளித்தார். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-லேயே பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்ததைச் சொல்லி, வீட்டில் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்களா என்று விசாரித்தார். என் மாமியாருக்கு 78 வயது. "அப்படின்னா ரொம்பக் கவனமா செய்யணும், இல்லேன்னா செய்யவே வேண்டாம்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை நடக்கிறேன்.

எங்கள் வீடு அரசலாற்றங்கரையில் இருக்கிறது. கொல்லைக் கதவைத் திறந்தால் வயல். இதற்கு முன் எங்களிடம் இருந்த பூனைக்கு நாங்கள் எதுவும் பெரிதாகப் போட்டதில்லை. சம்பா பயிர் பால்பிடிக்கும் காலத்தில் வரப்பு எலிகளைத் தின்றே அது கொழுகொழுவென்று இருந்தது. எலி பிடிப்பவர்கள் மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டும் தஞ்சாவூர்க் கிட்டியை வரப்போரம் வரிசையாக நட்டுவைத்த காலத்தில் பூனைக்கு ஆபத்து இல்லை. கிட்டி குறைந்து, துத்தநாக பாஸ்பைடு கலந்த பொரி வரப்புக்கு வந்த பிறகு, ஒரு மார்கழி விடியலில் அந்தப் பூனை கிணற்றடியில் விறைத்துக் கிடந்தது. அதனால்தான் வெள்ளச்சியைக் கொல்லைப்பக்கம் விடுவதில்லை. எலியைத் தின்ன வேண்டிய உயிரை வீட்டுக்குள் அடைத்து வைத்திருக்கும்போது, அந்த எலிக்கு ஈடான உணவைத் தட்டில் வைப்பது என் பொறுப்பு என்று எனக்குத் தோன்றியது.

எலிக்கு ஈடு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. பச்சைக் கறி கொடுப்பது என்றால் கோழிக்கறியை நறுக்கிப் போடுவது என்றே நானும் முதலில் எண்ணியிருந்தேன். எலியை முழுதாகத் தின்னும் பூனை கறியை மட்டும் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இருதயம், இரத்தம், மூளை எல்லாவற்றையும் சேர்த்துத் தின்கிறது. வெறும் தசையில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் வெறும் கறி தின்னும் குட்டிகளின் உடல், குறைகிற சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுத்துக்கொள்வதால் எலும்பு நொய்ந்து போகிறது. காரட்டில் உள்ள நிறமிச் சத்தை வைட்டமின் ஏ-ஆக மாற்றிக்கொள்ளும் ஆற்றல் நமக்கு உண்டு, பூனைக்கு இல்லை. அது ஈரலிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். அந்த ஈரலும் அளவு மீறினால் வைட்டமின் ஏ உடலில் தேங்கி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நோய் வரும். டாரின் என்னும் சத்தைப் பூனையால் போதிய அளவு உண்டாக்கிக்கொள்ள முடியாது. அது குறைந்தால் விழித்திரை கெடும் என்பது 1975-இல் தெரியவந்தது. இதயம் விரிந்து பலவீனப்படுவதும் அதே குறையால்தான் என்பதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 1987-இல் காட்டினார்கள். அதன் பிறகே கடைத் தீனிகளில் டாரினின் அளவை உயர்த்தினார்கள். பால்சோற்றில் டாரின் இல்லாத அளவுக்குக் குறைவு என்பதை நான் அத்தைக்கு விளக்க வேண்டியிருந்தது.

மருத்துவரோடு கலந்து பேசி, 1 கிலோ கலவைக்கு ஒரு கணக்கை நோட்டில் எழுதிக்கொண்டேன். கோழியின் தொடைக்கறி ஏறத்தாழ 850 கிராம். நெஞ்சுக்கறியைவிடத் தொடைக்கறியில் டாரின் அதிகம் என்பதால் தொடையையே எடுத்துக்கொண்டேன். தோலை முழுவதும் நீக்காமல் கொஞ்சம் விட்டேன், ஏனெனில் பூனைக்குக் கொழுப்பும் வேண்டும். இருதயம் 100 கிராம், ஈரல் 40 கிராம், இரண்டு முட்டையின் மஞ்சள் கரு. எலும்புக்குப் பதிலாக முட்டை ஓட்டுத் தூள் 6 கிராம். டாரின் 500 மில்லிகிராம் மாத்திரைக் கூடு நான்கைப் பிரித்துக் கொட்டுவேன். வைட்டமின் இ-யும் பி தொகுதியும், கறியில் குறைவாக உள்ள தாதுக்களும் சேர்ந்த தூள் ஒன்றை மருத்துவர் எழுதித் தந்தார். அதன் அளவு பூனைக்குப் பூனை மாறும் என்பதால் இங்கே குறிப்பிடவில்லை. வாரத்தில் ஒருநாள் நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியை வேகவைத்து, முள் நீக்கி, ஒரு துண்டு கொடுப்பேன்.

மீனைப் பற்றி இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் பகுதியில் பூனை என்றவுடன் பச்சை மீனை வீசுவதே வழக்கமாக இருக்கிறது. கெண்டையிலும், மத்தி, நெத்திலி வகை மீன்கள் சிலவற்றிலும் தயமினேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். எப்போதாவது ஒரு துண்டு தின்பதால் ஒன்றும் ஆகாது. அதையே அன்றாட உணவாகத் தின்னும் பூனைக்குத் தலை முன்பக்கமாகத் தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். குளிர்பெட்டியில் உறைய வைப்பதால் அந்த நொதி அழிவதில்லை, வேகவைத்தால் அழிந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் பச்சையாக எது கொடுத்தாலும் மீனைப் பச்சையாகக் கொடுப்பதில்லை.

கணக்கு சரியாக இருந்தது. ஆனால் அதை வெள்ளச்சி ஏற்றுக்கொள்ள வேண்டுமே. பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை தீனிக் கிண்ணத்தை எடுத்துவிட்டு, கறிக் கலவையைத் தட்டில் வைத்தேன். அவள் மோந்து பார்த்தாள். பிறகு தட்டைச் சுற்றியிருந்த வெறும் தரையை முன்னங்காலால் பறண்டி, மணல் தொட்டியில் செய்வதைப்போலவே மூடப் பார்த்தாள். பசித்தால் தின்பாள் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மறுநாள் மாலை வரை அவள் ஒன்றும் தின்னவில்லை. மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் கடிந்துகொண்டார். நாயைப்போலப் பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு மூன்று நாள் உணவே இல்லாமல் போனால், உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்ப, அந்தக் கொழுப்பு ஈரலிலேயே தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். சதைப்பிடிப்பான பூனைக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். உடனே பழைய தீனியை வைத்தேன். அவள் தின்று முடிக்கும் வரை அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று நான் செய்தது பெரிய தவறு. இதைப் படிக்கும் எவரும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாவது முறை வேறு வழியில் போனேன். முதல் பத்து நாள் உணவை மாற்றவே இல்லை, நேரத்தை மட்டும் மாற்றினேன். நாள் முழுவதும் கிண்ணத்தில் கிடந்த தீனியை, காலை 7 மணி, மதியம் 1 மணி, இரவு 8 மணி என்று மூன்று வேளையாகப் பிரித்து, அரை மணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். வேளை தெரிந்த பூனைக்குத்தான் பசி தெரியும். நான்காம் நாளே 7 மணிக்கு முன் சமையலறை வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாள். அடுத்த வாரம் தீனியில் வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு கரண்டி விட்டேன். அதன் பிறகு, உப்போ மஞ்சளோ வெங்காயமோ எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியை, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கித் தீனியின் மேல் தூவினேன். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை என்பதால், நமக்குச் சமைத்த குழம்புக் கறியைக் கழுவிக் கொடுப்பதும் கூடாது.

வேகவைத்த கறியை அவள் விரும்பித் தின்னத் தொடங்கியதும் எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த முயற்சியில் நான் கண்டவற்றுள் மிகவும் பயன்பட்டது இதுதான் என்று சொல்வேன். கறியை மாற்றாமல், அது வேகும் நேரத்தை மட்டும் குறைத்துக்கொண்டே வந்தேன். முதல் ஐந்து நாள் 8 நிமிடம், அடுத்த ஐந்து நாள் 5 நிமிடம், பிறகு 3, பிறகு 1. ஒவ்வொரு படியிலும் கறித் துண்டின் நடுவில் இருக்கும் இளஞ்சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக அகலமாகிக்கொண்டே வந்தது; அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் 3 நிமிடத்திலிருந்து 1 நிமிடத்துக்கு வந்தபோது பாதியை ஒதுக்கிவிட்டாள். மறுநாளே 3 நிமிடத்துக்குத் திரும்பி, அதிலேயே ஒரு வாரம் நின்றேன். தட்டில் வைக்கும் உணவு குளிர்பெட்டியின் சில்லிப்போடு இருந்தால் அவள் தொடவே மாட்டாள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பூனைக்கு நாக்கைவிட மூக்குதான் முதலில் சாப்பிடுகிறது. பொட்டலத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, கையில் பிடித்தால் நம் உடம்புச் சூடு தெரியும் பதத்தில் வைத்தால் மணம் எழும்பும், உடனே வருவாள். வேகவைத்த தண்ணீரையும் நான் கொட்டுவதில்லை. டாரின் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும் என்பதால் அதையும் தட்டிலேயே ஊற்றிவிடுவேன். அவள் உடம்புக்குள் போக வேண்டிய தண்ணீரும் அந்த வழியாகவே போய்விடும்.

பங்குனி உத்திரத்துக்கு அடுத்த நாள் காலை, வெளிப்புறம் மட்டும் வெளுத்து உள்ளே முழுக்கப் பச்சையாக இருந்த துண்டை, நறுக்காமல் சற்றுப் பெரிதாகவே வைத்தேன். அவள் முன்பற்களால் அதைத் தூக்கிக்கொண்டு தட்டை விட்டு இறங்கி, முற்றத்து ஓரத்துக்குப் போனாள். தலையை இடப்பக்கம் சாய்த்து, கறியைக் கடைவாய்க்குத் தள்ளினாள். பூனையின் கடைவாய்ப் பற்கள் நம்முடையவற்றைப்போல அரைப்பவை அல்ல. கத்தரிக்கோலின் இரு அலகுகளைப்போல ஒன்றையொன்று உரசி வெட்டுபவை. வெட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கண் இடுங்கியது, காது பின்னால் மடிந்தது, தொண்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய உறுமல் வந்தது. ஐந்து வருடமாக எங்கள் மடியில் தூங்கிய அவளிடமிருந்து அந்த ஓசையை நான் கேட்டதில்லை. துண்டு தீர்ந்த பிறகு அது கிடந்த செங்கல் தரையை நக்கினாள், பிறகு இரண்டு முன்னங்கால்களையும் நீட்டி வெகுநேரம் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தரையைச் சோப்பு நீர் விட்டு நான் கழுவித் துடைத்தபோது, இனி தட்டுக்கு அடியில் ஒரு பெரிய எவர்சில்வர் தாம்பாளம் வேண்டும் என்று நோட்டில் எழுதினேன்.

கறி வாங்கும் முறையைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் கோழிக்கறியில் பரவலாக இருக்கின்றன. பூனை அவற்றைத் தின்றும் நோயுறாமல் இருக்கலாம். ஆனால் அதன் மலத்திலும் வாயிலும் அவை வெளிவந்து, வீட்டில் உள்ள முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தொற்றலாம். உறைய வைப்பதால் சால்மோனெல்லா சாவதில்லை, உறங்குகிறது, அவ்வளவுதான். முழுத் துண்டான கறியில் இக்கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அந்தக் கறியைக் கொத்தியதும் மேலே இருந்தது உள்ளே எங்கும் கலந்துவிடுகிறது. ஆகையால் கடையில் கொத்துக்கறியாக ஒருபோதும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர்க் கடையில் உயிர்க்கோழியை நம் கண்முன்னே அறுத்து உரிக்கிறார்கள் என்பது இந்த வேலைக்குப் பெரிய வசதி. ஆனால் உரித்த கோழி அடுத்துப் போகும் இடம் புளியமரக் கட்டை. காலையிலிருந்து அறுத்த அத்தனை கோழியின் இரத்தமும் அந்தக் கட்டையின் வெட்டு வடுக்களில் ஊறியிருக்கும்.

"பாய், கட்டையில வைக்காம தொடையைத் தனியாக் கழட்டி அப்படியே பையில போட்டுக் குடுங்க" என்று முதல் நாள் கேட்டபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பூனைக்கு என்றும், பச்சையாகக் கொடுக்கப் போகிறேன் என்றும், காரணத்தையும் சொன்னேன். "பச்சையாவா? அப்ப காலையில ஆறரைக்கு வாங்க டீச்சர், கட்டை கழுவின உடனே முதல் கோழி உங்களுக்கு" என்றார். அன்றுமுதல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை முதல் கோழி எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டுச் செவ்வாய், புதன் கிழமைகளில் போவேன். கூட்டம் இல்லாத நாளில் அவரும் பதறாமல் செய்து தருவார். புரட்டாசியில் விற்பனை குறைந்திருக்கும்போது ஈரலையும் இருதயத்தையும் எடுத்துவைத்து, தரமாக இருக்கிறதா என்று என்னையே பார்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பனிக்கட்டி போட்ட பெட்டியில் கறியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், கொதிக்கும் தண்ணீரில் ஒவ்வொரு துண்டையும் 30 விநாடி முக்கி எடுப்பேன். மேற்புறம் வெளுத்து, உட்புறம் பச்சையாகவே இருக்கும். ஈரலையும் இருதயத்தையும் முழுவதும் வேகவைத்தே சேர்க்கிறேன். இதற்கென்று தனிப் பலகை, தனிக் கத்தி, தனிப் பாத்திரம். அவை சமையலறைக்குள் வருவதில்லை, கிணற்றடித் திண்டிலேயே கழுவிக் காயும். 130 கிராம் ஒரு நாளைக்கு என்று பிரித்து, தேதி எழுதி, உறைபெட்டியில் வைப்பேன். இரவில் அடுத்த நாள் பொட்டலத்தைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் காலைக்குள் இளகிவிடும். மேடையில் வைத்து இளக விடுவதில்லை. சித்திரை வெயிலில் அது கிருமிக்குப் பாத்தி கட்டித் தருவதாகும். தட்டு 20 நிமிடத்துக்கு மேல் தரையில் இருக்கக் கூடாது. எறும்புக்காகத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவே தட்டை வைப்பதால், சிந்தும் துணுக்கும் அந்தத் தண்ணீரிலேயே விழுந்துவிடுகிறது.

வேறு இறைச்சிகளையும் பார்த்தேன். ஆட்டுக்கறியில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியின் கூடுகள் இருக்கக்கூடும். உறைபெட்டியின் குளிரில், அதாவது மைனஸ் 12 பாகைக்கும் கீழே, சில நாளில் அவை செத்துவிடும். ஆகவே ஆட்டுக்கறியை மட்டும் ஒரு வாரம் உறைய வைத்த பிறகே எடுப்பேன். பச்சைக் கோழிக் கழுத்தை எலும்போடு கொடுத்துப் பார்த்தபோது அவள் மெல்லாமல் விழுங்கி, அரை மணி நேரத்தில் கக்கிவிட்டாள். அதோடு எலும்பை நிறுத்தினேன். வேகவைத்த எலும்பைப் பற்றிப் பேச்சே இல்லை, அது சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

வைகாசியில் ஒரு தவறு நேர்ந்தது. முட்டை ஓட்டை 10 நிமிடம் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, வெயிலில் காயப்போட்டு, மிக்ஸியில் அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்து வைத்திருந்தேன். தொடக்கத்தில் தராசில் நிறுத்துப் போட்டவள், கை பழகிவிட்டது என்று எண்ணித் தேக்கரண்டியால் அள்ளிப் போடத் தொடங்கினேன். குவித்த கரண்டிக்கும் தலைதட்டிய கரண்டிக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேறுபாடு இருந்தது. இரண்டு வாரம் கழித்து வெள்ளச்சியின் மலம் சுண்ணாம்புக் கட்டியைப்போல வெளுத்து, தொட்டால் உதிர்ந்தது. மூன்றாம் நாள் போகவே இல்லை. எந்தத் துன்பத்துக்காக இந்த வேலையில் இறங்கினேனோ அதையே நான் திரும்ப வரவழைத்திருந்தேன். அந்தத் தொகுதிப் பொட்டலங்களை எல்லாம் கொட்டிவிட்டு, கும்பகோணத்தில் நகை நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்றை வாங்கினேன். கால் கிராம் வேறுபாட்டையும் அது காட்டும். அன்றிலிருந்து கரண்டியை அந்தப் பக்கமே எடுத்துவரவில்லை. மலத்தின் நிறத்தையும் பதத்தையும் நாள்தோறும் நோட்டில் எழுதுவதும் அப்போது தொடங்கிய வழக்கம். வெளுத்து உதிர்ந்தால் சுண்ணாம்பு மிகுதி. கறுத்துக் களியாக இருந்தால் ஈரல் மிகுதி. அடர்பழுப்பில், சிறிதாக, அதிக நாற்றம் இல்லாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் போனால் அவளுக்குச் சரியாக இருக்கிறது என்று பொருள்.

அத்தை அமாவாசை, வெள்ளி, கார்த்திகைச் சோமவாரம் எல்லாம் பார்ப்பவர். கறியைக் கையால் தொட்டதில்லை. "அது பாட்டுக்குப் பால்சோறு தின்னுக்கிட்டு இருந்த ஜீவனை இப்படிப் பண்ணிட்டியேம்மா" என்று முதல் மாதம் வருந்தினார். இரவில் நான் படுத்த பிறகு இரண்டு பிடி பால்சோறு வைத்துக்கொண்டும் இருந்தார். மறுநாள் மலம் இளகியிருப்பதை வைத்து நான் கண்டுகொண்டேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை என்று எடுத்துச் சொன்னேன். அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஆனால் பங்குனியில் நான் மேலே சொன்ன அந்தக் காலையில் அவரும் கூடத்துத் தூணோரம் உட்கார்ந்து வெள்ளச்சி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு பால்சோறு நின்றுவிட்டது.

2024 நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கரையேறுவதற்கு முன்பாகவே டெல்டாவில் கொட்டித் தீர்த்த மழையில் எங்கள் பகுதியில் மின்சாரம் நின்றது. கஜா புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் இருந்தவர்கள் நாங்கள். ஆகவே உறைபெட்டியைத் திறக்காமல், மேலே கோணிச் சாக்கைப் போர்த்தி வைத்தேன். முப்பது மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது பொட்டலங்கள் முழுக்க இளகி, ஓரத்தில் நீர் விட்டிருந்தன. மீண்டும் உறைய வைத்துக் கொடுக்கலாமா என்ற ஆசை எழுந்தது உண்மை. 2 கிலோ கறி. எல்லாவற்றையும் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தேன். அடுத்த நான்கு நாள் வெள்ளச்சி பழைய உலர் தீனியைத் தண்ணீரில் ஊறவைத்துத் தின்றாள். அதற்காகவே, பழகிய பிறகும் வாரம் இரண்டு வேளை தீனியை விடாமல் கொடுத்துவருகிறேன். மழைக்காலத்தில் ஒரே உணவை மட்டும் ஏற்கும் பூனையை வைத்துக்கொள்ள நம் பகுதியில் முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஐந்து நாளுக்கு மேல் கறி சேமித்து வைப்பதும் இல்லை.

2025 ஜனவரியில் வந்த செய்தி என்னை வேறு வகையில் நிறுத்தியது. நாகபுரியில் உள்ள கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் இறந்திருந்தன. 2023-இல் போலந்து நாட்டில் வீட்டுப் பூனைகள் பல அதே வைரசால் இறந்ததும், 2024-இன் கடைசியில் அமெரிக்காவில் பச்சை இறைச்சித் தீனி தின்ற பூனைகளிடம் அது கண்டறியப்பட்டதும் தெரியவந்தது. பூனை இனம் முழுவதற்கும் இந்த வைரஸ் கொடியது. உறைய வைத்தால் அது அழிவதில்லை; 30 விநாடி வெந்நீரில் முக்குவதால் துண்டின் உள்ளே இருப்பதும் அழிவதில்லை. மருத்துவரிடம் கேட்கக்கூடத் தேவையில்லை என்று எனக்குப் பட்டது. அன்று உறைபெட்டியில் இருந்த கோழிக்கறி முழுவதையும் வேகவைத்தேன். அதன் பிறகு கோழியோ காடையோ இந்த வீட்டில் பச்சையாகத் தட்டுக்கு வந்ததில்லை. துண்டின் நடுப்பகுதி 74 பாகை சூட்டைத் தொடும் வரை வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு, டாரினும் மற்றவையும் ஆறிய பிறகு கலந்து கொடுக்கிறேன். அதே கணக்கு, அதே தராசு, அதே தாம்பாளம். பச்சையாகக் கொடுப்பது ஒரு வாரம் உறைந்த ஆட்டுக்கறி மட்டும்தான். அதையும் 30 விநாடி முக்கி, வாரத்தில் இரண்டு வேளை.

பச்சைக் கறிதான் பூனைக்கு ஒரே உணவு என்று உறுதியாகப் பேசுபவர்கள் இதைப் பின்வாங்கல் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெள்ளச்சியின் வயிற்றைச் சரிசெய்தது கறியின் பச்சைத்தன்மை அல்ல, அதில் இருந்த நீரும், சரியாகச் சேர்த்த சத்தும், வேளை தவறாத உணவும்தான் என்பதை நோட்டு காட்டுகிறது: முழுக்க வேகவைத்த கோழிக்கறிக்கு மாறிய 2025 ஜனவரி முதல் இன்றுவரை அவள் ஒருநாளும் மலம் போகாமல் தவித்ததில்லை. எடை 4.1 கிலோவிலிருந்து 3.7-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்து, சிறுநீரகத்தையும் ஈரலையும் பார்க்கிறார்கள். இதுவரை குறையொன்றும் இல்லை. ஆட்டுக்கறி வைக்கும் இரண்டு வேளைகளில் மட்டும் அவள் பழையபடி துண்டைக் கவ்விக்கொண்டு தாம்பாளத்தை விட்டு இறங்கப் பார்ப்பாள். அப்போது கூடத்துத் தூணோரத்திலிருந்து அத்தை, "இங்கேயே தின்னுடி" என்று ஒரு குரல் கொடுப்பார். சுவர்க் கடிகாரத்தில் 20 நிமிடம் ஆனதும், தட்டை எடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவதும் அவர்தான்.